குளிரில் அந்த எஞ்சினை எழுப்பும்போது

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய வீடியோ கிடைத்தது. என் வாகனம் திருத்தும் கராஜில் பொடியன்கள் வேலை முடிந்து போனபிறகு, போனைக் காதோடு வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எஞ்சினை எழுப்பும் செல்ஃப் மோட்டர் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. எஞ்சின் பிடித்தவுடன் பெல்ட் கீச்சிடுகிறது. அது அடங்க முன்னமே நீ அக்சிலேட்டரை மிதித்து உறுமவிடுகிறாய், கூட்டாளிமார் கைதட்டுகிறார்கள். அந்தச் சத்தம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கனடாவின் எட்மன்டன் குளிரில் அப்படிச் செய்ய வேண்டாம் மகன். ஏன் என்று விளக்கமாக எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

உன் டொட்ஜ் சலஞ்சர் ஹெல்காட் காரின் கைநூலைத் தங்கச்சி இணையத்தில் எடுத்து அச்சடித்துத் தந்தாள். 6.2 லீற்றர் வி8, 707 குதிரைவலு. அந்த வலுவில் பெரும்பங்கு மேலே உட்கார்ந்து எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சுப்பர்சார்ஜரால் வருவது. அதே வேலை செய்யும் ரேர்போ என்றால் எஞ்சின் புகை தள்ளித்தான் சுற்றத் தொடங்கும். இது அப்படியில்லை. எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் நேரே இழுக்கிறது. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் இது இரண்டுக்கும் மேலே சுற்றும். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 14,600 சுற்று. உள்ளே இரண்டு திருகு உருளைகள் ஒன்றோடொன்று முட்டாமல், மயிரிழை இடைவெளியில் ஓடுகின்றன. அதன் பற்சில்லுகளுக்குத் தனி ஒயில், மூடி அடைத்தது. இரவெல்லாம் மைனஸ் 25 இல் நின்ற வண்டியில் அந்த ஒயில், எஞ்சின் ஒயில், பெல்ட் ரப்பர் எல்லாமே இறுகிப்போய் இருக்கும். அந்த நேரம் பார்த்து நீ உறுமவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்.

நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்றப்போகும் லொறிகளை நான் எத்தனையோ வருசம் பார்த்து அனுப்பியவன். தை மாதத்தில் அங்கே புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் பழுதான டீசல் லொறி விடிய அசையாது. நல்ல ட்ரைவர்மார் அங்கே எஞ்சினைப் பிடித்தவுடன் ஏறி மிதிக்கமாட்டார்கள். அவ்வளவுக்கும் நுவரெலியாவின் குளிர் பூச்சியத்தைச் சுற்றித்தான். உன் ஊர்க் குளிர் வேறு சாதி.

முதலில் பற்றரி. செல்ஃப் அப்படி இழுபட்டதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். மைனஸ் 18 அளவில் பற்றரியின் வலு பாதிக்குக் கிட்ட இறங்கிவிடும், ஒயில் தடித்த எஞ்சினோ கூடுதல் வலு கேட்கும். உன் காரில் பற்றரி டிக்கிக்குள் இருக்கிறது. அதில் குளிர் ஸ்ரார்ட்டுக்கு என்று ஒரு அம்பியர் கணக்கு அடித்திருப்பார்கள். அது அந்த மைனஸ் 18 இல் சோதித்த கணக்கு. கைநூலில் சொன்னதைவிடக் குறைந்த பற்றரியை யாராவது மாற்றிப் போட்டிருந்தால் இந்த மாரியிலேயே உன்னை நடுத்தெருவில் விடும். பழைய பற்றரியாக இருந்தால் காசைப் பார்க்காதே, மாற்று.

ஒயில் 0டபிள்யூ-40 தான். வேறெதுவும் ஊற்றவிடாதே. அந்த டபிள்யூவுக்கு முன்னாலுள்ள எண் குளிருக்கானது, அது குறையக் குறைய ஒயில் குளிரில் இளகி ஓடும். இங்கே நான் 20டபிள்யூ-50 ஊற்றுகிறேன், ஏனென்றால் மாரியிலும் விடியக்காலை 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அதை உன் எஞ்சினில் ஊற்றினால் மைனஸ் 25 இல் கிறீஸ்போல நிற்கும். ரேடியேற்றரிலும் அப்படித்தான். இங்கே பலர் வெறும் தண்ணீரோடு காலம் தள்ளுகிறார்கள். அங்கே கூலன்ர் என்ற உறையாத திரவமும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால்தான் மைனஸ் 37 வரைக்கும் உறையாது. சுப்பர்சார்ஜரின் காற்றைக் குளிர்விக்கத் தனி கூலன்ர் தொட்டி இருக்கிறது, அதையும் சோதிக்கச் சொல்லு. பலபேர் அதை மறந்துவிடுவார்கள்.

கரண்டில் எஞ்சினைச் சூடாக்கும் பிளொக் ஹீட்டர் உன் காரில் பூட்டியிருக்கிறதா என்று பார். இல்லையென்றால் பூட்டு. உங்கள் ஊரில் வாகனம் நிறுத்துமிடங்களிலேயே கரண்ட் பிளக் வைத்திருக்கிறார்களாம். எவ்வளவு நல்ல ஏற்பாடு! இரவு முழுக்கப் போடத்தேவையில்லை, டைமர் வைத்து விடிய மூன்று, நான்கு மணித்தியாலம் சூடாக்கினால் போதும். எஞ்சின் பாதிச் சூட்டோடேயே எழும்பும்.

இனி ஸ்ரார்ட். லைற், ஹீட்டர், ரேடியோ எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டுப் பிடி. பிடித்தபிறகு காலை எடு. ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை, தானாக ஏறி, தானாக இறங்கும். சாதாரணக் குளிரென்றால் அரை நிமிடம், ஒரு நிமிடம். மைனஸ் 25, 30 என்றால் சில நிமிடம் விடு. அதற்குமேல் அரைமணித்தியாலம் ஓடவிட்டு உள்ளே போய்த் தேநீர் குடிக்காதே. குளிர் எஞ்சினுக்கு கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டித்தான் கொடுக்கும். எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஒருநாள் ஒயில் அளக்கும் கம்பியை இழுத்து மணந்து பார். பெற்றோல் மணம் அடித்தால் ஒயிலை உடனே மாற்று.

ஆகவே புறப்படு, ஆனால் மெல்ல. சுப்பர்சார்ஜரில் காற்றைச் சுற்றுவழியாக விடும் ஒரு பைபாஸ் வால்வு இருக்கிறது. நீ மெதுவாக மிதித்தால் அது திறந்தபடி இருக்கும், உருளைகள் சுமையில்லாமல் சும்மா சுற்றும். அழுத்தி மிதித்தால் மூடிக்கொள்ளும், முழுச் சுமையும் குளிர்ந்த பெல்ட்டிலும் பற்சில்லிலும் ஏறும். கூலன்ர் முள்ளைப் பார்த்து ஏமாறாதே, அது கெதியாய் ஏறிவிடும். ஒயில் சூடு பின்னாலேதான் வரும். திரையில் ஒயில் சூட்டைக் காட்டும் பக்கம் இருக்கிறது, அதை விரித்து வைத்துக்கொண்டு ஓட்டு. அது 80 பாகைக்கு வரும்வரை 2,500 ஆர்பிஎம்மைத் தாண்டாதே.

இன்னொன்று, இதுதான் எனக்கு நித்திரையைக் கெடுப்பது. மைனஸ் 20 இல் காற்று, 30 பாகைக் காற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி கூட. அதனால் எஞ்சின் கோடையைவிடக் கூடுதலாய்த் தள்ளும். தள்ளுவதோ பின் சில்லுகளை மட்டும். கோடை ரயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழேயே விறைக்கத் தொடங்கும், பனித்தெருவில் பிடிக்கவே பிடிக்காது. வின்டர் ரயர் நான்கும் போடு. உனக்கு இரண்டு திறப்புத் தந்திருப்பார்கள், சிவப்பும் கறுப்பும். சிவப்பில்தான் 707 குதிரைவலு முழுதும் வரும், கறுப்பில் 500 ஓடு நிற்கும். சிவப்புத் திறப்பை பங்குனி முடியும்வரை மனைவியிடம் கொடுத்து வை. மருமகளிடம் நானும் சொல்லிவிட்டேன்.

மூடிய கராஜுக்குள் ஒருபோதும் ஸ்ரார்ட் பண்ணாதே. ரிமோட் ஸ்ரார்ட்டும் கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, உங்கள் கராஜுக்கு மேலேதானே பிள்ளை படுக்கிற அறை. கதவைத் திறந்து, பிடித்த கையோடு வெளியே எடு.

அம்மாவுக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். “பிள்ளைக்குக் குளிருதெண்டா சரி, காருக்குமா குளிருது?” என்று கேட்டா. ஓம் என்றேன். உனக்கு எள்ளுருண்டை செய்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறா, அடுத்த கிழமை கனடா போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம்.

சனிக்கிழமை கதைக்கும்போது பற்றரியில் அடித்திருக்கும் ஆண்டையும் அந்த அம்பியர் கணக்கையும் சொல்லு. பெல்ட்டையும் டோர்ச் அடித்துப் பார், வெடிப்பு இருந்தால் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா