பிள்ளையின் சோறும் கம்பனியின் சலுகையும்

நல்லூர்,
யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பருக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீர் மறுபடியும் நடக்கத் தொடங்கிவிட்டீர் என்று அறிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் பெரிய ஆறுதல். இங்கே மாரி ஓய்ந்து பனிக்காலம் தொடங்கிவிட்டது. மனைவி சுகமாக இருக்கிறா. உம்முடைய வீட்டாரை மிகவும் கேட்டதாக எழுதச் சொன்னா. நான் ஓய்வு பெற்ற பிறகும் பழைய பாடசாலையின் அபிவிருத்திச் சங்க வேலைகளை விடவில்லை. அங்கே கண்டதும் கேட்டதும் மனதில் கிடந்து அழுத்துவதால், இம்முறை ஊர்ப்புதினங்களைச் சுருக்கிக்கொண்டு ஒரேயொரு விஷயத்தை, பிள்ளையின் சோற்றுக்கும் கம்பனியின் சலுகைக்கும் வேறு வேறு கணக்குப் போடுவதை, விரிவாக எழுதுகிறேன்.

நீர் எழுதியிருந்த இலண்டன் கதை என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. 2020 ஓகஸ்ட்டில், கொரோனாவால் நொடிந்துபோன உணவகங்களைத் தூக்கி நிறுத்துவதற்காக, திங்கள் முதல் புதன் வரை கடையில் போய்ச் சாப்பிடுகிறவர்களின் கணக்கில் பாதியை, ஆளுக்குப் பத்துப் பவுண் வரை, அரசாங்கமே கட்டியது என்றும், அந்த ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 85 கோடி பவுண் போனது என்றும் எழுதியிருந்தீர். அதே வருடம் ஒக்ரோபர் 21 ஆம் திகதி, இலவச மதிய உணவு பெறும் வறிய பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களிலும் உணவுக்கு உதவ வேண்டும் என்ற பிரேரணை வந்தபோது, பாராளுமன்றம் 261 இற்கு எதிராக 322 வாக்குகளால் அதைத் தோற்கடித்தது. மார்க்கஸ் ரஷ்ஃபோர்ட் என்ற உதைபந்தாட்டக்காரர் ஊரைத் திரட்டிக் குரல் கொடுத்த பிறகே அரசாங்கம் இறங்கி வந்தது. வசதியுள்ளவர் உணவகத்தில் சாப்பிடுவதற்குத் திறைசேரியிலிருந்து பணம் கொடுத்தால் பொருளாதாரம் எழும்பும், பட்டினியாய் இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்தால் பெற்றோர் பொறுப்பற்றவர்களாகிவிடுவார்கள் என்று அதே ஆளுங்கட்சி ஆட்கள் அதே வருடத்தில் சொன்னார்கள் என்பதே என்னை உறுத்துகிறது. நீர் அதை ஆங்கிலேயருடைய குணமாக எழுதியிருந்தீர். இங்கேயும் அதுதான் நடக்கிறது, நண்பரே.

சென்ற வருடம் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குப் போயிருந்தேன். பிரதம விருந்தினராக வந்த அரசியல்வாதி, யுத்தத்துக்குப் பிறகு எங்கள் சனம் நிவாரணத்துக்குப் பழகிவிட்டது, கையேந்தும் பழக்கத்தை விட்டால்தான் இனம் நிமிரும் என்று முழங்கினார். மண்டபத்தின் பின்வரிசைகளில் இருந்த தாய்மார் பலர் அந்த நிவாரணத்தை வாங்குகிறவர்கள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். அதே பேச்சின் பிற்பகுதியில், வடக்குக்கு வரும் முதலீட்டாளர்களிடம் பத்து வருடத்துக்கு வரி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது, காணியும் மின்சாரமும் அரசாங்கமே கொடுக்க வேண்டும் என்றார். முன்வரிசையிலிருந்து நல்ல கைதட்டல். தாய்க்குக் கொடுத்தால் கையேந்தல், கம்பனிக்குக் கொடுத்தால் அபிவிருத்தி என்ற கணக்கு எப்படிச் சரிவரும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

அந்தத் தாய்மாரின் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது என்ன என்பதைச் சொல்கிறேன். எங்கள் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு உண்டு. அரசாங்கம் ஒரு பிள்ளைக்கு ஒதுக்குவது நூறு ரூபாயை ஒட்டிய தொகை. அதற்குள் அரிசி, பருப்பு, கீரை, தேங்காய், விறகு, சமைக்கிறவரின் கூலி எல்லாம் அடங்க வேண்டும். சமைப்பது அதே ஊர்ப் பெண் ஒருவர். முட்டை கொடுக்கும் நாளில் அவர் அவித்த முட்டைகளைக் கோது உரித்து, தையல் நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து ஒவ்வொன்றையும் நடுவே அறுப்பார். கத்தியால் வெட்டினால் மஞ்சள் கரு உதிர்ந்து ஒரு பிள்ளைக்குக் குறைந்துபோகும் என்பார். திறைசேரியிலிருந்து வர வேண்டிய காசு மாதக்கணக்கில் பிந்தும்போது அவர் பலசரக்குக் கடையில் கடன் எழுதிச் சமைப்பார். கடைக்காரர் இனி முடியாது என்றால் சமையல் நின்றுவிடும். அந்த நாட்களில் வரவுப் பதிவேட்டைப் பார்த்தால் எந்தெந்தப் பிள்ளைகளின் வீட்டில் அடுப்பு எரிவதில்லை என்று தெரிந்துகொள்ளலாம். தாய்சேய் நிலையங்களில் கொடுக்கும் திரிபோசா என்ற சத்துமாவின் கதையும் இப்படித்தான். 2022 இல் சோளத் தட்டுப்பாட்டாலும், சோளத்தில் அஃப்ளாடொக்சின் நஞ்சு கூடியதாலும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பைக்கற்றுகள் நெடுங்காலம் வராமல் நின்றுபோயின. 2016 ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பிலேயே இந்த நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், நூற்றுக்கு 15 பேர் உயரத்துக்கேற்ற நிறையில்லாதவர்கள் என்று கண்டிருந்தார்கள். அது நெருக்கடிக்கு முந்திய நிலை.

இனி அஸ்வெசும என்ற வறியோர் உதவித் திட்டத்துக்கு வருகிறேன். 2023 இல் பழைய சமுர்த்தி உதவிக்குப் பதிலாக அது வந்தபோது, மாதம் 2,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் வரை குடும்பங்களை நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள். அதற்கு 22 அளவுகோல்கள். சுவர் எதனால் கட்டியது, கூரை என்ன, மலசலகூடம் உண்டா, மாதம் எத்தனை அலகு மின்சாரம், வாகனம் என்ன, வீட்டில் நோயாளி யார், பிள்ளை பாடசாலைக்குப் போகிறதா என்று எல்லாம் கேட்டுப் புள்ளி போட்டார்கள். பெயர்ப்பட்டியலை வெளியிட்டு, தகுதியில்லாதவர் யாரும் இருந்தால் எவரும் ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்றும் அறிவித்தார்கள். அயல் முழுவதும் ஒரு குடும்பத்தின் வறுமையை எடைபோட அழைக்கப்பட்டது.

எங்கள் பக்கத்தில் நண்டு உடைக்கும் வேலைக்குப் போகும் பெண் ஒருவர் இருக்கிறார். புருஷன் இறந்துவிட்டார், இரண்டு பிள்ளைகள். வீட்டுத்திட்டத்தில் கட்டிய கல்வீடு. கதவுகள் போட்டு முடியவில்லை. புருஷன் ஓடிய மோட்டார் சைக்கிள் தாழ்வாரத்தில் துருப்பிடித்து நிற்கிறது. விற்கப் பார்த்தும் எடுப்பாரில்லை. கல்வீடும் வாகனமும் படிவத்தில் ஏறியதால், முதற் பட்டியலில் அவர் மாதம் 2,500 ரூபாய் என்ற கடைசி வகுப்பில் விழுந்தார். நானூறு கிராம் பால்மாப் பைக்கற் இரண்டு வாங்கினால் அதில் மிச்சம் பெரிதாக இராது. மேன்முறையீட்டை நான்தான் எழுதிக் கொடுத்தேன். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்த ஒவ்வொரு நாளும் அவருக்குக் கூலி இல்லை. அதிகாரிகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கொடுத்த படிவத்தை நிரப்பினார்கள். பொது மக்களின் பணத்தைக் கொடுக்கும்போது கேள்வி கேட்பதும் நியாயம்தான். அந்தக் கேள்வியைக் கம்பனிகளிடம் கேட்டது யார் என்பதே என் ஆதங்கம்.

2008 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டங்கள் சட்டத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு கருத்திட்டம் நாட்டுக்கு முக்கியமானது என்று அமைச்சரவை இணங்கி, வர்த்தமானியில் போட்டு, பாராளுமன்றத்தில் நிறைவேற்றினால், அந்த நிறுவனத்துக்கு 25 வருடம் வரை வரிவிலக்குக் கொடுக்க அது இடம் கொடுத்தது. இன்று பிறக்கும் பிள்ளை படித்து, வேலை தேடி, கலியாணமும் கட்டும் காலம் அது. கொழும்புத் துறைமுக நகருக்கான 2021 ஆம் ஆண்டுச் சட்டம் அதை 40 வருடம் வரை நீட்ட இடம் வைத்தது. சொன்ன எண்ணிக்கையில் வேலை கொடுத்தார்களா, விலக்கு இல்லாமலே அவர்கள் வந்திருப்பார்களா, விட்ட வரி எவ்வளவு என்று ஊர் அறியக் கணக்குக் காட்டும் வழக்கம் இருக்கவில்லை. சர்வதேச நாணய நிதியம் 2023 செப்டெம்பரில் வெளியிட்ட ஆட்சிமுறை பற்றிய அறிக்கையில், சலுகை பெறும் நிறுவனங்களின் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும் என்று சொல்ல வேண்டி வந்தது. நண்டு உடைக்கும் பெண்ணின் பெயரை வெளியிடுவதற்கு வெளியிலிருந்து யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சீனி வரி விவகாரம் இதைவிட மோசம். 2020 ஒக்ரோபர் 13 ஆம் திகதி, இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாயாக இருந்த விசேட பண்ட வரியை ஒரே வர்த்தமானியால் 25 சதமாகக் குறைத்தார்கள். மக்களுக்கு விலை குறையும் என்பதே சொன்ன காரணம். கடையில் விலை அதற்கேற்பக் குறையவில்லை. பயன் இறக்குமதியாளரோடு நின்றுவிட்டது. அரசாங்கம் இழந்த வருமானம் ஏறத்தாழ 1,590 கோடி ரூபாய் என்று நிதி அமைச்சே பாராளுமன்ற நிதிக் குழுவுக்குச் சொன்னது. நான் பழைய கணித வாத்தியார், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. அந்தத் தொகையைக் கொண்டு ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு ஒரு வருடம் முழுவதும் மாதம் 2,500 ரூபாய் கொடுத்திருக்கலாம். அதற்கு முதல் வருடம், 2019 டிசம்பரில், வற் எனும் பெறுமதி சேர் வரியை நூற்றுக்கு 15 இலிருந்து 8 ஆக இறக்கி, அடுத்த மாதமே வருடத்துக்கு 30 கோடி ரூபாய்க்குக் கீழ் விற்பனையுள்ள வியாபாரங்களை அந்த வரியிலிருந்தே விடுவித்திருந்தார்கள். அரச வருமானம் சரிந்தது, நாடு கடனைக் கட்ட முடியாமல் போனது. பிறகு அதே வற் வரி படிப்படியாக ஏறி 2024 தை மாதம் 18 ஆனது. பாடசாலைக்குப் போட்டுப்போகும் சப்பாத்தை வாங்கும்போது அந்த 18 ஐயும் சேர்த்துக் கட்டுவது நண்டு உடைத்த கூலிதான். சலுகை அனுபவித்தவர்களில் எவரையும் வரிசையில் நிறுத்தி, உன் கூரை என்ன, உன் வாகனம் என்ன என்று கேட்டதாக நான் அறியேன்.

இது நேற்று முளைத்த பழக்கமுமல்ல. 1953 இல் ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது, அதே கையோடு பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தினார்கள் என்று ஐயா சொல்லக் கேட்டிருக்கிறேன். நாட்டின் கையிருப்பு கரைகிறது, மானியத்தைத் தாங்க முடியாது என்பதே அன்றைய நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் நியாயம். ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் வெடித்து, அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் போய்க் கூட வேண்டியதாயிற்று. ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதே ஜே. ஆர். 1977 இல் ஆட்சிக்கு வந்ததும், மறு வருடமே வர்த்தக வலயம் அமைத்து முதலீட்டாளருக்கு வரி விடுமுறை கொடுக்கச் சட்டம் செய்தார். 1979 இல் அரிசிப் பங்கீட்டின் இடத்தில் உணவு முத்திரை வந்தது. தாங்க முடியாது என்ற திறைசேரி ஒருபக்கம் எப்படித் தாங்கியது என்று நாங்கள் மாணவராய் இருந்த காலத்தில் நீர்தான் ஒரு விவாதப் போட்டியில் கேட்டீர், நினைவிருக்கிறதா?

தொழில் முயற்சிகளுக்கு உதவவே கூடாது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் இயங்கிய காலத்தில் எத்தனை குடும்பங்கள் நிமிர்ந்தன என்பதை நாம் இருவரும் கண்டிருக்கிறோம். இன்றைக்கும் பனம்பொருள் செய்கிற சங்கங்களும், அச்சுவேலியிலும் மற்ற இடங்களிலும் சிறு பட்டறை நடத்துகிறவர்களும் குறைந்த வட்டிக் கடன் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். பெரிய சலுகைகள் அவர்களின் படலையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. கொடுக்கும் உதவி யாருக்குப் போகிறது, அதனால் என்ன விளைந்தது என்று வருடா வருடம் கணக்குக் காட்டினால் நானே முதலில் ஆதரிப்பேன்.

எங்கள் தமிழ்ப் பிரதிநிதிகளிடமும் எனக்குக் கோபம் உண்டு. உரிமைக்காகப் பேசுவதை ஒருபோதும் கைவிடக் கூடாது. ஆனால் வரிவிலக்குக் கட்டளை பாராளுமன்றத்துக்கு வரும்போது அதை வாசித்து, எழும்பி நின்று, இந்தப் பணத்தில் எத்தனை பிள்ளைக்கு முழு முட்டை கொடுக்கலாம் என்று கேட்பதற்கு எந்த அரசியல் தீர்வுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வாக்குக் கேட்டு வரும்போது எங்கள் பிள்ளைகளைத் தூக்கி முத்தமிடுகிறவர்கள், வரவு செலவுத் திட்ட விவாதத்தில் பாடசாலை உணவுக்கான ஒதுக்கீடு வரும் நாளில் ஆசனத்திலாவது இருக்க வேண்டும்.

அபிவிருத்திச் சங்கத்தின் பேரில் மாவட்டத்தின் எல்லாப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு கடிதம் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். கேட்பவை இரண்டு: பாடசாலை உணவுக்கான காசு மாதம் தவறாமல் சமைக்கிறவரின் கையில் சேர வேண்டும், வடமாகாணத்தில் வரிச்சலுகை பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் கொடுத்த வேலைகளின் எண்ணிக்கையோடு விட்ட வரியின் தொகையும் பிரதேச செயலகங்களில், அஸ்வெசுமப் பட்டியல் ஒட்டிய அதே பலகையில், ஒட்டப்பட வேண்டும். உங்கள் நாட்டில் நிறுவனங்களுக்குக் கொடுக்கும் அரச உதவிகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு பதிவேட்டில் போடுகிறார்கள் என்று வாசித்தேன். கணக்காளராய் இருக்கும் உம்முடைய மகளிடம் கேட்டு, அதில் என்னென்ன விவரங்கள் இருக்கும், எவ்வளவு காலத்துக்குள் பதிய வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதி அனுப்பும். பங்குனிக்கு முன் கிடைத்தால் கடிதத்தில் சேர்த்துக்கொள்வேன். வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். பிழை கண்ட இடத்தில் பழையபடி சிவப்பு மையால் கோடு போட்டு அனுப்பும்.

இப்படிக்கு,
உம்முடைய பழைய வகுப்புத் தோழன்