750 மில்லி போதுமா, பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய இரண்டு வரி வந்தது. அம்மா அதை நாலு தடவை படித்துவிட்டாள். "டென்ட் போட்டுத் தங்கும்போது சமைக்க, ஒரு ஆளுக்கு 750 மில்லி சட்டி போதுமா அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். போதும். போன தடவை இரண்டு பேருக்கான, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாத்திர அடுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அதற்கு அப்போதே அளவெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். பரவாயில்லை, அதையும் சேர்த்தே எழுதுகிறேன். எது வேண்டுமோ எடுத்துக்கொள்.

அதற்கு முன்னால் ஒன்று. டென்டுக்குள் அடுப்பைப் பற்றவைக்காதே. மழை கொட்டினாலும் வேண்டாம். ஜிப்பைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. அடுப்பு எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தலைவலி வரும், குமட்டும், தூக்கம் தூக்கமாக வரும். நாள் பூராவும் நடந்த களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவாய். பெரியப்பா வீட்டு ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கும், நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டிக்கு வருகிறேன். பெட்டியில் 750 என்று போட்டிருப்பது விளிம்புவரை நிரப்பினால் கொள்ளும் அளவு. பொங்குவதற்கு இடம் விட்டால் 500 மில்லிதான் சமைக்க முடியும். உலர்ந்த சாப்பாட்டில் ஊற்ற வெந்நீர், ஒரு குவளை டீ, அவ்வளவுக்குச் சரி. நூடுல்ஸைக் கிளறினால் விளிம்பில் வழியும். இந்தச் சட்டி உள்ளே ஒன்பதரை சென்டிமீட்டர் அகலம் இருந்தால் 100 கிராம் கேஸ் கேன் உள்ளே போகும். அந்தக் கேன் ஒன்பது சென்டிமீட்டர் அகலம், ஏழு உயரம். மேலே மிச்சமிருக்கும் நாலு சென்டிமீட்டரில் மடக்கிய பர்னரும் லைட்டரும் அடங்கிவிடும். குவளைக்குத்தான் இடமில்லை, அது பைக்குள் தனியாகக் கிடந்து உருளும். 230 கிராம் கேன் பதினோரு சென்டிமீட்டர் அகலம், இதில் நுழையவே நுழையாது.

1.3 லிட்டர் சட்டி என்றால் உள்ளகலம் பன்னிரண்டு, உயரம் பதினொன்றரை வரும். 230 கிராம் கேனே உள்ளே போய் மூடியும் சாத்தும். நான் சொல்வது வேறு அடுக்கு: 100 கிராம் கேன் ஒரு குவளைக்குள், அந்தக் குவளை அதைவிடக் கொஞ்சம் பெரிய குவளைக்குள், எல்லாம் சேர்ந்து சட்டிக்குள். கைப்பிடி உடம்போடு ஒட்டி மடங்கும் குவளையாகப் பார். ஆளுக்கொரு குவளை ஆகிவிடும். தனியாகப் போனாலும் ஒன்றில் டீ, ஒன்றில் சாப்பாடு. பெரிய சட்டியில் கொஞ்சமாகச் சமைக்கலாம், சின்னச் சட்டியில் அதிகமாகச் சமைக்க முடியாது. அகலமான அடியில் தீயும் வீணாகாது, நெடுக ஒடுங்கிய சட்டியில் நிறையச் சூடு பக்கவாட்டில் ஏறிப் போய்விடும். கடையில் வாங்கும்போது கேனைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்து மூடிப் பார். அட்டையில் இருக்கும் எண்ணை நம்பாதே, பல கம்பெனிகள் வெளி அளவைத்தான் போடுகின்றன.

எந்த உலோகம் என்று நீ கேட்கவில்லை. நான் சொல்லிவிடுகிறேன். டைட்டேனியம் கனமில்லை என்று எல்லோரும் அதன் பின்னால் ஓடுகிறார்கள். அதே கன அளவுக்கு அலுமினியத்தைவிட அது கனம்தான். உறுதியாக இருப்பதால் தகடு மெல்லிசாக இருந்தாலே போதும், அதில்தான் எடை குறைகிறது. சூட்டைப் பரப்புவதில் அலுமினியத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் வரும். தீ படும் இடத்தில் வட்டமாகக் கருகும், ஓரத்தில் வேகாது. வெந்நீருக்கு மட்டும் என்றால் டைட்டேனியம். சமைக்கிறாய் என்றால் ஹார்ட் அனோடைஸ்டு அலுமினியம், அதாவது மேல்பரப்பைக் கெட்டிப்படுத்தியது. நீ சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை, அதனால் அலுமினியத்தையே சொல்கிறேன். நான்ஸ்டிக் பூச்சு வேண்டாம். 260 டிகிரிக்கு மேல் அது சிதையத் தொடங்கும், வெறும் சட்டியைக் கேஸ் தீயில் மறந்துவிட்டால் அந்தச் சூடு வர அதிக நேரம் ஆகாது. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது பூச்சு கீறியும் போகும்.

அமுக்கினால் தட்டையாகும் சிலிகோன் சட்டியைப் படத்தில் காட்டியிருந்தாய். பைக்குள் இடம் மிச்சம், உண்மை. அடி மட்டும் உலோகம், சுவர் முழுக்க சிலிகோன். தீ அந்த அடி வட்டத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். காற்று வீசித் தீ சாய்ந்தால் சுவர் கருகும். மடிப்பில் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும், வாடை போகவே போகாது. தண்ணீர் பிடிக்க, காய் கழுவ, ஒரு கிண்ணமாக வைத்துக்கொள். அடுப்பில் வேண்டாம். இரட்டைச் சுவர் குவளையையும் தீயில் வைக்காதே. நடுவில் அடைபட்ட காற்று விரிந்து வெடித்துவிடும். ஒற்றைச் சுவர்தான் அடுப்புக்கு.

காற்றுத் தடுப்புத் தகட்டை அடுப்பைச் சுற்றி முழுதாக வளைக்காதே. கேன் பர்னருக்கு நேர் கீழே இருக்கிறது, உள்ளே சூடு சேர்ந்து கேன் கொதித்தால் வெடிக்கும். காற்று வரும் பக்கம் மட்டும் மறை. கேனைக் கையால் தொட்டுப் பார், வெதுவெதுப்பைத் தாண்டினால் அணை. டென்டுக்குள் வேண்டாம் என்று மேலே எழுதியிருக்கிறேன், மறுபடியும் எழுதுகிறேன்.

அடுக்குவது. பர்னர் முழுசாக ஆறிய பிறகு கழற்று. கேனின் பிளாஸ்டிக் மூடியைப் போடு, இல்லாவிட்டால் மரையில் மண் ஏறும். கேனின் அடி விளிம்பு இரும்பு, ஈரம் பட்டால் துருப்பிடித்துப் பாத்திரத்தில் பழுப்பு வளையம் விழும். ஒரு மெல்லிய துணியை அடியில் போடு. துடைக்கவும் சூடான மூடியைப் பிடிக்கவும் அதே துணிதான். குவளைக்கும் சட்டிக்கும் நடுவிலும் ஒரு துணி. இல்லாவிட்டால் நடக்க நடக்கக் கடகடவென்று சத்தம், கூடவே கீறல். மூடியை ஒரு ரப்பர் பேண்டால் கட்டிவிடு.

வீட்டுக்கு வந்ததும் அடுக்கைப் பிரித்துவிடு. சாம்பல், சோடா, பாத்திரம் கழுவும் மெஷின் பொடி எதுவும் அலுமினியத்தில் படக்கூடாது, மேல்பூச்சை அரித்துவிடும். சாதாரண சோப்பும் மெல்லிய நாரும் போதும். ஒரு ராத்திரி கவிழ்த்து உலர்த்தி, மூடியைத் திறந்தபடியே வை. அலுமினியச் சட்டிக்குள் ஸ்டீல் குவளையை ஈரத்தோடு வைத்துவிடாதே. இரண்டு உலோகத்துக்கு நடுவே உப்பு ஈரம் நின்றால் பேட்டரி மாதிரி வேலை செய்யும், அரிபடுவது அலுமினியம்தான். அடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும், தொட்டால் குழி தட்டும்.

அந்தப் பழைய சட்டியில் விழுந்ததே, அதுதான். நீ சரியாகக் கழுவவில்லை என்று அன்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீ ஒழுங்காகத்தான் கழுவினாய். துடைக்காமல் குவளையை உள்ளே போட்டு மூடி அலமாரியில் வைத்தது நான். மறுநாளே எனக்குத் தெரியும். சொல்லாமலே விட்டுவிட்டேன். அதற்கப்புறம் சாமான் விஷயமாக நீ என்னிடம் எதுவும் கேட்டதில்லை, இந்த 750 மில்லிதான் முதல் கேள்வி. தப்பு என்னுடையது, பாப்பா.

உன் அண்ணனுக்கு இன்னும் கேனை மாட்டத் தெரியாது, நீ தனியாகவே எல்லாம் செய்கிறாய். அதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் எந்த இடம், எத்தனை ராத்திரி என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அம்மா கேட்டால் நான் என்ன சொல்ல? இரண்டாவது குவளை சுமார் 70 கிராம்தான் வரும், அது பையில் இருக்கட்டும். யாராவது வந்தால் உதவும். வராவிட்டாலும் ஒன்றுமில்லை.

பர்னரைக் கேனில் மாட்டியதும் சேருமிடத்தில் சோப்புத் தண்ணீர் தடவு, இறுக்கியும் குமிழி வந்தால் ரப்பர் வளையம் விரிசல் விட்டிருக்கலாம், மாற்று. காற்றில்லாத இடத்தில் மூடி போட்டு அரை லிட்டர் கொதிக்க ஏறக்குறைய எட்டு கிராம் கேஸ் போகும், 100 கிராமில் பன்னிரண்டு தடவை வரும். கிளம்பும் முன் கேனைச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை அடியில் மார்க்கரால் எழுதிவை. எத்தனை தடவை கொதிக்கவைத்தாய் என்று எண்ணிக்கொள். திரும்பி வந்த அன்றைக்கே மறுபடி நிறுத்து, மூன்று எண்ணையும் எனக்கு அனுப்பு. எண்கள் மட்டும் போதும், வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அப்பா