கட்டிங் மிஷினுக்கு அனுப்பும் முன்: மதுரை வட்டார நூலக நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய நூலகங்களைக் கட்டிக் காத்துவரும் செயலாளர்களுக்கும் கமிட்டி உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவரின் நூலகத்துக்கு வந்திருந்தேன். எது என்று சொல்லப் போவதில்லை. சண்டைக்கு வரவில்லை, தவிர அங்கே எனக்கு மோர் கொடுத்து ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தார்கள். பத்து வருடம் முன்பு அங்கே பார்த்த ஒரு பழைய புராணப் பதிப்பை மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. யாரோ ஒரு புலவர் பக்க ஓரமெல்லாம் பாடபேதம், அதாவது வேறு படிகளில் சொல் மாறும் இடங்களை, குறித்து வைத்திருந்த படி அது. எடுத்துக் கொடுத்தார்கள். நீல ரெக்சின் அட்டை, முதுகில் தங்க எழுத்து, பளபளவென்று. திறந்தால் மூன்று பக்கமும் கட்டிங் மிஷினில் விட்டு ஓரத்தை மழித்திருக்கிறார்கள். புலவரின் எழுத்து ஒவ்வொரு வரியிலும் பாதியில் நிற்கிறது. பழைய மேலட்டையும் காணோம், அதன் பின்புறத்தில் புதுமண்டபத்துக் கடை ஒன்றின் விலைப்பட்டியல் இருந்தது. கேட்டால், "அதான் ஸ்கேன் பண்ணியாச்சே சார்" என்றார் அங்கிருந்த தம்பி. ஸ்கேன் பண்ணியது பைண்டிங் முடிந்த பிறகு என்பது அப்புறம்தான் தெரிந்தது.

என் அப்பா அச்சாபீஸில் கம்போசிட்டர், அச்செழுத்துகளைக் கோக்கிறவர். புதுப் புத்தகம் எது கைக்கு வந்தாலும் படிக்க மாட்டார், முதலில் தாளைத் தடவிப் பார்ப்பார், பின்புறம் விரலை ஓட்டி எழுத்து எவ்வளவு ஆழமாக அமுங்கியிருக்கிறது என்று பார்ப்பார், பாரத்தை, அதாவது பல பக்கம் சேர்த்து அச்சான முழுத்தாளை, எப்படி மடித்திருக்கிறார்கள் என்று முதுகுப் பக்கம் எட்டிப் பார்ப்பார். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கை. உலகத்தில் பழைய அச்சுப் புத்தகங்களை ஆராய்கிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு கதை சொல்கிறேன். லண்டனில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் சில, தலைப்புப் பக்கத்தில் 1600 என்றும் 1608 என்றும் ஆண்டு போட்டு வெளிவந்திருந்தன. முந்நூறு வருடம் எல்லோரும் அதை நம்பினார்கள். 1908-இல் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் என்பவர் தாள்களை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே இருக்கும் நீர்க்குறிகளை, தாள் செய்யும்போதே அதில் பதிகிற அடையாளங்களை, ஒப்பிட்டார். வேறு வேறு ஆண்டு போட்ட புத்தகங்களில் ஒரே வகைத் தாள்கள் கலந்து கிடந்தன. எல்லாமே 1619-இல் ஒரே அச்சுக்கூடத்தில் சேர்ந்தாற்போல் அடித்தவை, ஆண்டு பொய். எழுத்தை எத்தனை தடவை படித்தாலும் இது வராது, தாள்தான் காட்டிக் கொடுத்தது.

அந்தக் காலத்தில் கையால் செய்த தாளில், கூழை வடித்த சல்லடைக் கம்பியின் தடம் இருக்கும். முழுத்தாளை ஒரு மடி மடித்தால் அந்தக் கோடுகள் பக்கத்தில் நெட்டுக்கு நிற்கும், நீர்க்குறி பக்கத்தின் நடுவில் விழும். இரண்டு மடி மடித்தால் கோடுகள் படுத்துக்கொள்ளும், நீர்க்குறி போய் முதுகு மடிப்பில் ஒளிந்துகொள்ளும். இப்போது உங்கள் பைண்டர் பக்கவாட்டில் ஊசி குத்தி இறுக்கித் தைக்கிறாரே, அந்தத் தையலில் புத்தகம் முழுதாக விரியாது, மடிப்புக்குள் இருப்பதை எவரும் பார்க்க முடியாது. அவர் மேல் தப்பில்லை. உறுதியாக வேண்டும் என்றீர்கள், உறுதியாகத் தைத்தார்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் புத்தகத்துக்கு, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் பதினாறே பக்கம், அந்தச் சின்னப் புத்தகத்தின் படி இருப்பது ஹார்வர்டில். இயேசு சபைப் பாதிரிகளின் நம் மதுரை மிஷனில் இருந்த அந்தாவ் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி, அவர் இறந்த பிறகு 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறியது. அதைத் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் கண்டெடுத்தது வத்திக்கான் நூலகத்தில். அதன் எழுத்துகள் மரத்தில் செதுக்கியவை என்று சொல்வார்கள். அப்பா பாஷையில் சொன்னால், ஒரே அச்சில் வார்த்த 'க' எல்லாவற்றுக்கும் ஒரே முகம், கையால் செதுக்கிய 'க' ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். கறுப்பு வெள்ளையில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஸ்கேனில் இந்த முகமெல்லாம் ஒரே மசியாகிவிடும்.

"வேறு லைப்ரரியில் இன்னொரு காப்பி இருக்கே" என்று எடைக்குப் போடுவதும் நடக்கிறது. அந்தக் காலத்தில் அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே மிஷினை நிறுத்திப் பிழை திருத்துவார்கள், அதற்கு முன் அடித்த தாளையும் தூக்கிப் போட மாட்டார்கள், தாள் விலை அப்படி. அதனால் ஒரே பதிப்பின் இரண்டு படிகள் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. சார்ல்டன் ஹின்மன் என்ற ஆய்வாளர் ஷேக்ஸ்பியரின் 1623 தொகுப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட படிகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார், சேதமான அச்செழுத்துகள் எங்கெங்கே திரும்ப வருகின்றன, சொற்களை எப்படி எழுத்துக்கூட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, அதை எழுத்துக் கோத்தவர்களைப் பிரித்து அறிந்தார். பெயர் தெரியாத கம்போசிட்டர்கள், ஆனால் கைப்பழக்கம் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு இதைச் சொல்ல முடியாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. கூரை ஒழுகுகிறது, ராமபாணப் பூச்சி, கரண்டு பில், சந்தா கட்டுகிறவர்கள் குறைவு. 1800-களின் கடைசியிலிருந்து வந்த மரக்கூழ்த் தாள் அப்பளமாக நொறுங்குகிறது என்பதும் உண்மை. (அதற்கு முந்தைய கந்தல்துணித் தாள் இன்னும் திடமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.) அதற்காகப் பிளாஸ்டிக் லேமினேஷன் போடாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். நொறுங்குகிற புத்தகத்துக்குத் தையல் வேண்டாம், ஒரு அட்டைப் பெட்டி செய்து படுக்க வையுங்கள், பைண்டிங் கூலியைவிட அது மலிவு. பைண்டு பண்ணியே தீர வேண்டுமென்றால் ஓரத்தில் ஒரு நூலளவுகூட வெட்ட வேண்டாம் என்று பைண்டரிடம் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார். பழைய மேலட்டை, விளம்பரத் தாள், ஒட்டுச்சீட்டு, யாருடைய புத்தகம் என்ற கையெழுத்து எல்லாம் உள்ளேயே இருக்கட்டும். ஸ்கேன் எடுப்பது பைண்டிங்குக்கு முன்னால், வண்ணத்தில், அட்டையிலிருந்து அட்டைவரை, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. வருகிறவர்களுக்கு ஜன்னலோரம் ஒரு மேஜையும், டார்ச் அடித்துப் பார்க்க அனுமதியும் கொடுங்கள். டார்ச் எடுத்ததும் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

பெட்டி செய்ய எனக்குத் தெரியும், அப்பாவிடம் பழகியது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன். அட்டையும் பசையும் நானே கொண்டு வருகிறேன், கூப்பிட்டால் போதும். அந்த நீல ரெக்சின் புத்தகத்தின் பழைய மேலட்டை பைண்டர் கடைக் குப்பையில் இன்னும் கிடக்கிறதா என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.