ஏசிக்காக படம் பாத்த கதை

டேய் மாப்ள,

மெயில் போட்டு ரெண்டு வாரமாச்சு பதில காணோம்னு திட்டிருப்ப, கோச்சுக்காத. தங்கச்சிக்கு முட்டிவலி தேவலயா? இங்க சிகாகோல வெயில் கொளுத்துது, வீட்டு ஏசியும் படுத்துருச்சு, அதனால சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரியும் பக்கத்து மல்டிபிளெக்ஸ்ல போய் உக்காந்துட்டோம், என்ன படம்னுகூட பாக்கல, குளுகுளுன்னு இருந்தா போதும்னு.

ஒரே கம்பெனி எப்டிடா ஊர்பூரா தியேட்டர் வச்சிருக்குன்னு கேட்டல்ல, அந்தக் கதையே இந்த குளுகுளுலதான் இருக்கு. பாலபன்னு ஒரு குடும்பம், இங்க மேக்ஸ்வெல் தெரு பக்கம் மளிகைக்கடை. படம் பாக்குறதுக்கு முன்னாடியே ஜனங்க காச குடுத்துடறாங்களே, இது நல்ல வியாபாரமா இருக்கேன்னு அந்தம்மா சொன்னதா ஒரு கதை உண்டு. 1908ல சின்னதா ஒரு கொட்டகைல ஆரம்பிச்சாங்க. பசங்கள்ல பார்னின்னு ஒருத்தன் கோல்ட் ஸ்டோரேஜ் கம்பெனில வேல பாத்தவன், அப்ப சிகாகோன்னாலே கறி வெட்டி ஐஸ்ல வச்சு ரயில்ல அனுப்புற ஊராச்சே, கறிய குளிர வைக்கறவன் மனுஷன வைக்க முடியாதான்னு அந்த டெக்னிக்க 1917ல சென்ட்ரல் பார்க் தியேட்டருக்கு கொண்டு வந்துட்டாங்க. அதுக்கு முன்னாடி கோடைல தியேட்டர் ஈ ஓட்டும், பாதி பேர் பூட்டியே வச்சிருப்பான். இவங்களுக்கு அதுதான் சீசன்! அப்புறம் டவுன்டவுன்ல ஒண்ணு, ரயில் போற ஏரியா ஏரியாவா ஒண்ணு, 1925ல அப்டவுன்னு 4,300 சீட்டுக்கு மேல ஒரு அரண்மனை. 1981லேந்து பூட்டிக் கெடக்கு, அந்தப் பக்கம் போறப்பல்லாம் அண்ணாந்து பாப்பேன்.

அந்தக் காலத்துல பாலபன் தியேட்டர்ல டிக்கெட்ட பாத்து சீட்டுக்கு கூட்டிட்டுப் போறதுக்கு யூனிபார்ம் போட்ட காலேஜ் பசங்க, டிப்ஸ் வாங்கவே கூடாதாம். சனிக்கிழமை நான் பாத்தது ஒரே ஒரு பொடியன், அவனே டிக்கெட் ஸ்கேன் பண்ணான், அவனே ஓடிப்போய் பாப்கார்ன் அள்ளினான், நெஞ்சுல பேட்ஜ் தலகீழா தொங்குது. பாவம்.

நடுவுல 1948ல சுப்ரீம் கோர்ட் ஸ்டுடியோக்காரன்ட்ட படமும் எடுத்து தியேட்டரும் வச்சிக்காதேன்னு சொல்லிருச்சு, ஜனங்களும் புறநகருக்கு குடி போயாச்சு. 1963ல கன்சாஸ் சிட்டில டர்வுட்னு ஒருத்தர், இன்னிக்கு ஏஎம்சிங்கறோமே அந்தத் தியேட்டர் கம்பெனி, ஷாப்பிங் சென்டர்ல ரெண்டு ஸ்க்ரீன ஒட்டிப் போட்டார், ரெண்டு படம் ஓடும் ஆனா கவுன்டர் ஒண்ணுதான், ஆளும் அதே ஆளுதான். சூட்சுமம் அவ்ளோதான்டா. அதையே இழுத்து இழுத்து 1995ல டல்லாஸ்ல 24 ஸ்க்ரீன் கட்டிட்டாங்க, அதப் பாத்து எல்லாவனும் போட்டி போட்டு கட்ட, பழைய தியேட்டர் குத்தகையும் தலைமேல நிக்க, 2000, 2001ல ரீகல், கார்மைக், லோஸ்னு தியேட்டர் கம்பெனிங்க வரிசையா திவால் நோட்டீஸ். அந்த டல்லாஸ் 24ம் 2010ல மூடியாச்சு.

டிக்கெட் காசுல பெரும்பங்கு படக்காரனுக்குப் போயிடும், இவனுக்கு நிக்கறது பாப்கார்னும் கோக்கும்தான். நாங்க வாட்டர் பாட்டில ஹேண்ட்பேக்ல ஒளிச்சுதான் கொண்டு போனோம், சொல்லிடாத.

படம் கேட்டியன்னா தெரியாது, சாயற சீட்டு, இன்டர்வெல்லும் கெடையாது, பத்து நிமிஷத்துல நான் குறட்ட. அவதான் முழுசா பாத்தா. ஏசிக்காரன் நாளைக்கு வரேன்னுருக்கான்.

உன் மச்சான்