கிளட்ச் பிளேட்டை மாற்றும் முன் எண்ணெயைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பைக்கை விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், இது தீர்க்கக்கூடிய கோளாறுதான். ஆனால் தீரும்வரை அதில் மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்காதே. செம்மேட்டிலிருந்து பஸ்ஸில் போய் வா.

மலை ஏறும்போது இன்ஜின் இரைகிறது, வேகம் மட்டும் கூடவில்லை என்று எழுதியிருந்தாய். இன்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் வழுக்குகிறது. ஏறும்போது அது தொல்லை, இறங்கும்போதுதான் ஆபத்து. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் உன்னைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும் இல்லை, கியரில் இருக்கும் இன்ஜினும்தான். கிளட்ச் வழுக்கினால் அந்தப் பிடி தளர்ந்து, பாரமெல்லாம் பிரேக்கின் தலையில் விழும். போதாக்குறைக்கு, இரண்டாவது படத்தில் முன் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) மூடியின் அடியில் ஈரம் மின்னுகிறது. அங்கே கசியும் எண்ணெயைச் செயின் வாரிக்கொண்டுபோய்ப் பின் டயரில் தெளிக்கும். இன்றைக்கே டயரின் ஓரங்களை விரலால் தடவிப் பார். பிசுபிசுத்தால் சோப்பு நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவு.

எண்ணெய் குறைந்ததும் அடிவாரத்து கடையில் ஊற்றினார்கள் என்றாயே, அந்த டப்பாவை எடுத்துப் பார். காரின் கிளட்ச் பொதுவாக உலர்ந்த இடத்தில் இருப்பது. நம் வண்டியின் கிளட்ச் இன்ஜின் எண்ணெயிலேயே ஊறிக் கிடப்பது. கார் எண்ணெய்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அது கிளட்சுக்குள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கும் பிளேட்டுகளுக்கு நடுவே போனால் பிடிப்பு போய்விடும். டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்ற ஜப்பானியத் தரக்குறி இருக்க வேண்டும். ‘எம்பி’ என்பது ஸ்கூட்டருக்கு உரியது. எனக்கு அந்த டப்பாவின் மேல்தான் சந்தேகம். கசிவால் எண்ணெய் குறைந்தது, குறைந்ததற்குத் தவறான எண்ணெய் ஊற்றினார்கள், கிளட்ச் வழுக்குகிறது.

கசிவைக் கண்டுபிடிக்க அவசரப்படாதே. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும், அதனால் ஈரம் தெரியும் இடமே ஊற்றுக்கண் ஆகிவிடாது. இன்ஜின் ஆறியபிறகு மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவி, துடைத்துக் காயவிடு. மேலே முகப் பவுடரை மெல்லத் தூவி, சமதரையில் சிறிது நேரம் ஓட்டிவிட்டுப் பார். பவுடர் முதலில் எங்கே கறுக்கிறதோ, அங்கேதான் ஓட்டை. படத்தில் கிளட்ச் மூடியின் பேக்கிங் ஓரத்தில் புழுதி காய்ந்தே இருக்கிறது, ஆகவே அதைத் தொடவிடாதே. ஸ்ப்ராக்கெட் பக்கத்து ஆயில் சீல், அதாவது எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கும் ரப்பர் வளையம், போயிருக்கும் என்று நினைக்கிறேன். நம் வண்டியில் அதை வெளியிலிருந்தே மாற்றலாம். ‘இன்ஜினைப் பிரிக்க வேண்டும்’ என்று யாராவது சொன்னால் எனக்குப் போன் செய்த பிறகே சம்மதி. கசிவை அடைக்கும் பேஸ்டை அப்பி அடைக்கவும் விடாதே தாயி, மிஞ்சிய பேஸ்ட் உள்ளே பிதுங்கி எண்ணெய்ப் பாதையை அடைத்துவிடும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சியில் மேல் கோட்டைத் தாண்டி எண்ணெய் இருக்கிறதா என்றும் பார். அளவுக்கு மேல் ஊற்றினாலும் சீல் வழியாக வெளியே தள்ளும்.

சீல் மாற்றியதும் பழைய எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டு, சரியான எண்ணெய் ஊற்றச் சொல். எண்ணெய் வடிக்கும் டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடட்டும், பலம் கொண்டமட்டும் முறுக்க வேண்டாம். அலுமினியத்தில் மரை போனால் வேலை பெரிதாகிவிடும். பிறகு கிளட்ச் பிடியின் அடியில் 2-3 மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா என்று பார். தளர்வே இல்லையென்றால் எந்த எண்ணெய் ஊற்றினாலும் வழுக்கத்தான் செய்யும். பிடியருகே கேபிளின் இழை ஒன்றிரண்டு பிரிந்திருந்தால் கேபிளையும் மாற்றிவிடு.

இவ்வளவுக்குப் பிறகும் வழுக்கினால் பிளேட் மாற்றலாம். புதுப் பிளேட்டுகளை முந்தைய இரவே புது எண்ணெயில் ஊறப்போடச் சொல். கிளட்ச் ஸ்பிரிங் நீளத்தையும் அளக்க வேண்டும். வளைவுகளில் கிளட்ச்சைப் பாதி அழுத்தியபடி (ஹாஃப் கிளட்ச்) இழுத்துக்கொண்டு போகாதே, வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துக் கிளட்ச் பிடியை முழுக்க விட்டுவிடு.

கழற்றிய பழைய பிளேட்டுகளைக் கடையில் விட்டுவிடாதே, வாங்கி வை. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. அவற்றில் உள்ள இரும்புத் தகடுகள் சூடேறி நீலம் பாய்ந்திருக்கின்றனவா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா
திண்டுக்கல்