நாலாம் வகுப்புக்கும் ஒரு நாப்கின் பெட்டி வேண்டும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுத் தலைவிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். கூட்டத்தில் சுற்றுச்சுவர், கழிவறைக் கதவு, குடிதண்ணீர் எல்லாம் பேசி முடித்து டீ வந்த பிறகு, அம்மாக்கள் பக்கத்தில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். "இப்பல்லாம் ஒன்பது வயசுலயே பெரிய மனுசி ஆயிடுதுங்க. எல்லாம் இந்த பிராய்லர் கோழியாலதான்." உடனே இன்னொருவர், "சத்துணவு முட்டையையும் எம்பொண்ணுக்கு வைக்காதீங்க டீச்சர்" என்பார். தீர்மானப் புத்தகத்தில் ஏறாத அந்தப் பேச்சுக்காகத்தான் இந்த மடல்.

முதலில் கோழிக் கதையை முடித்துவிடுவோம். ஹார்மோன் ஊசி போட்டுப் பெருக்க வைக்கிறார்கள் என்கிறோம். ஆயிரக்கணக்கில் கோழி நிற்கும் கொட்டகையில் தினமும் ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட ஆள் வைத்தால், கோழி விற்ற காசு கூலிக்கே காணாது. தீவனத்தில் கலக்கலாமே என்றால், வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். பருப்பு செரிப்பது போல அதுவும் வயிற்றில் செரித்துவிடும். பின்னே நாற்பது நாளில் எப்படி இரண்டு கிலோ? சீக்கிரம் வளர்கிறதையே பொறுக்கி, தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்ததால். கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆண்டுகளின் கோழி இனங்களை ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 56ஆம் நாளில் 1957 இனம் 905 கிராம், 2005 இனம் 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான், இனம்தான் வேறு.

வதந்திக்கு ஒரு பூர்வீகம் இல்லாமலும் இல்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் சேவல்களின் கழுத்தில் டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) வில்லையைப் பதித்தார்கள். 1959இல் அது தடையானது. பண்ணைகளைப் பார்த்து நாம் சண்டை போட வேண்டிய விஷயம் ஆன்டிபயாடிக். கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்தை இறைச்சிக் கால்நடைகளுக்குத் தருவதை மத்திய அரசு தடை செய்ததே 2019இல்தான். அதை இன்னொரு நாள் பேசலாம். சத்துணவு முட்டைக்கோ பிராய்லரோடு சம்பந்தமே கிடையாது. அது முட்டைக்கென்றே வளர்க்கும் வேறு கோழி இட்டது. நோஞ்சானாக இருக்கும் பிள்ளையின் தட்டிலிருந்து அதை எடுத்துவிடாதீர்கள்.

அப்படியானால் சாப்பாட்டுக்கும் இதற்கும் ஒட்டே இல்லையா என்றால், உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பியப் பெண்கள் வயதுக்கு வந்தது 16, 17இல். வயிறு நிறைந்ததும் நோய் குறைந்ததும் சேர்ந்து, அடுத்த நூறாண்டில் அதை 13க்குக் கொண்டுவந்தன. அதுவரை நல்ல செய்திதான். கவலை அதற்குப் பிறகு வருகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து டென்மார்க் ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள்: 1977 முதல் 2013 வரை, மார்பு வளரத் தொடங்கும் வயது பத்தாண்டுக்குச் சுமார் மூன்று மாதம் முன்னேறி வந்திருக்கிறது. முதல் மாதவிலக்கு அந்த வேகத்தில் முன்னேறவில்லை. எட்டு வயதில் மாற்றம் தெரிகிறதே என்று பதறும் அம்மாவுக்கு, உதிரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை வருடம் கழித்தே வரும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

உடல் கொழுப்பிலிருந்து லெப்டின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது, 1994இல் கண்டுபிடித்தது. "சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது" என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. எடை கூடிய பெண் குழந்தைக்கு அந்தத் தகவல் முன்கூட்டியே போய்விடுகிறது. அமெரிக்காவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. தினம் ஒன்றரைக் கோப்பைக்கு மேல் சர்க்கரைப் பானம் குடித்தவர்கள், அரிதாகக் குடித்தவர்களைவிட 2.7 மாதம் முன்பே வயதுக்கு வந்திருக்கிறார்கள். வருடக்கணக்கு இல்லை, மாதக்கணக்கு. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அம்மா எந்த வயதில் ஆனார் என்பதற்கும் பெரிய பங்கு உண்டு. பிளாஸ்டிக்கில் உள்ள ரசாயனங்களின் மீதும் சந்தேகம் இருக்கிறது, தீர்ப்பு இன்னும் வரவில்லை. கோவிட் ஊரடங்கில் பிள்ளைகள் வீட்டோடு கிடந்தபோது, இத்தாலி, துருக்கி, இந்தியா என்று பல இடங்களில் மருத்துவர்கள் முன்பைவிட அதிகமான சிறுமிகளை இதற்காகப் பார்த்தார்கள். கோழிக்கறி அந்த ஆண்டு மட்டும் மாறிவிடவில்லையே!

ஆக, கவனிக்க வேண்டியது பள்ளி வாசல் பெட்டிக்கடையை. 250 மில்லி கோலாவில் ஏறக்குறைய 26 கிராம் சர்க்கரை. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாதென்று 2020லேயே உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி இருக்கிறது. எங்கள் வாசலிலிருந்து கடைக்குப் பதினைந்து அடி. அப்புறம் பி.டி. பீரியட். அதைக் கணக்குக்கும் எங்கள் அறிவியலுக்கும் கடன் வாங்குவதை நிறுத்தச் சொல்லி நீங்கள் கேட்டால் எங்களால் மறுக்க முடியாது.

இதையெல்லாம்விட அவசரமான ஒன்று இருக்கிறது. போன வருடம் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சாப்பாட்டு மணி அடித்த பிறகும் பெஞ்சை விட்டு எழவில்லை. பக்கத்தில் போனதும் காதோடு சொன்னாள்: "டீச்சர், எங்கயும் அடிபடல. ஆனா ரத்தம் வருது." நாப்கின் இருந்தது, ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கென்று, பூட்டிய பீரோவில். சாவி வைத்திருந்த ஆசிரியை அன்று பயிற்சிக்குப் போயிருந்தார். அவள் போகும் கழிவறையில் குப்பைக்கூடை கிடையாது, உள் தாழ்ப்பாளும் இல்லை. அரசின் புதுயுகம் நாப்கின் திட்டமே 10 வயதில்தான் தொடங்குகிறது. அவளுக்கு ஒன்பது.

கோழியைத் திட்டுவதில் நமக்குச் செலவு ஒன்றும் இல்லை, அதனால்தான் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தோம் என்று தோன்றுகிறது.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதுங்கள். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கும் நாப்கின், பூட்டில்லாத பெட்டியில். அவர்கள் கழிவறையில் மூடியுள்ள கூடை, தாழ்ப்பாள், தண்ணீர். மாதவிலக்கு என்றால் என்ன என்று கிராம சுகாதார செவிலியரோ ஆசிரியையோ நாலாம் வகுப்பிலேயே சொல்லித் தர வேண்டும். ஆண் பிள்ளைகளையும் உட்கார வைத்து. சடங்கென்று வாரக்கணக்கில் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துவதையும், நாலாவது படிக்கும் குழந்தைக்கு பிளெக்ஸ் வைப்பதையும் நீங்கள்தான் அம்மாக்களிடம் பேச முடியும். வாத்தியார்கள் பேசினால் வம்பாகிவிடும்.

எட்டு வயது முடியுமுன் மார்பு வளர்ச்சி தெரிந்தால் மட்டும் உளுந்தங்களியோடு நிற்காமல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். எலும்பு முந்திக்கொண்டால் உயரம் சீக்கிரமே நின்றுவிடும். தேவைப்பட்டால் வயதுக்கு வருவதைத் தள்ளிப்போட ஊசி இருக்கிறது. ஆண் பிள்ளையிடம் ஒன்பது வயது முடியுமுன் பருவ மாற்றம் தெரிந்தாலும் இதேதான்.

தீர்மானத்தின் நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அனுப்புங்கள். 10 வயது என்ற வரம்பை எட்டாக்கக் கோரும் வரியைத் தனியாக, முதலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை