படைப்பு வீட்டு வட்டங்கள்: பங்காளிகளுக்கு ஒரு வேண்டுகோள்

உ
சிவமயம்

பங்காளிகளுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள், முன்னோர்களுக்குப் படையல் போடும் நம் படைப்பு வீட்டின் முகப்புச் சுதை வேலை, அதாவது சுண்ணாம்புச் சிற்ப வேலை, முடிந்தாக வேண்டும். ஈரத்தில் சுண்ணாம்பு இறுகாது. ஸ்தபதி அட்வான்ஸுக்குக் காத்திருக்கிறார்.

பர்மாவிலிருந்து தேக்கும் இத்தாலியிலிருந்து மார்பிளும் இறக்கிய அய்யாக்கள், சுதைக்கு மட்டும் வெளியூர்ச் சரக்கைத் தேடவில்லை. சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி. மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. வாசலுக்கு மேலிருக்கும் கஜலட்சுமி வட்டத்தை ஒருமுறை நின்று பாருங்கள். இரண்டு யானைகளும் துதிக்கை தூக்கிக் கலசம் கவிழ்க்கும் வளைவு, விளிம்போடு அப்படியே ஓடும். வட்டத்துக்குள் உருவத்தை அடக்குவது லேசான காரியமில்லை. எழும்பூர் மியூசியத்தில் அமராவதிக் கல்வட்டம் ஒன்று உண்டு. மதம்பிடித்த நளகிரி யானையைப் புத்தர் அடக்குகிற காட்சி. தெரு, மாடம், கூட்டம் எல்லாம் அந்த ஒரு வட்டத்துக்குள். இத்தாலியில் இந்த வடிவத்துக்குத் 'தோந்தோ' என்றே பெயர். ஃபிளாரன்ஸில் மைக்கலாஞ்சலோ 1506 வாக்கில் தீட்டிய வட்டத்தை டிக்கெட் எடுத்துப் பார்த்து, நம் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். சந்தோஷம். நம் வீட்டு வட்டங்கள் நான்கும் உதிர்வதை யார் படம் எடுப்பது?

போன முறை சிக்கனம் பார்த்துச் சிமெண்ட் பூசியது குழுவின் தவறுதான். உள்ளே ஈரம் அடைபட்டு, உப்புப் பூத்து, பழைய சுதையையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. ஃபிளெக்ஸில் அச்சடித்து ஒட்டிவிடலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

சுதை வேலை ரூ.4,20,000. வர்ணம் 1,30,000. சாரமும் சாமானும் 1,10,000. ஒழுகும் ஓடு மாற்ற 80,000. ஆக மொத்தம் ரூ.7,40,000. மணமான பங்காளி குடும்பம் ஒன்று ஒரு புள்ளி. புள்ளிக்கு 10,000 வீதம் இதுவரை 37 புள்ளி கொடுத்தது 3,70,000.

புள்ளிக் கணக்கில் வராத பெண் மக்கள் தாமாகவே 15,000 சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! மலேசியப் பங்காளிகள் கடிதம் போய்ச் சேர்ந்த வாரமே பணம் அனுப்பினார்கள். ஓர் ஆச்சி சம்படத்தோடு கொண்டுவந்து வைத்துவிட்டு, ரசீதுகூட வாங்காமல் போனார்கள். அவர்கள் குடும்பம் தழைக்க வேண்டும்.

பாக்கி 27 புள்ளி. கல்யாணப் பந்தலுக்கு லட்சங்களில் செலவழித்தவர்களும் அதில் உண்டு, பெயர் எழுதவில்லை. எல்லோரும் கொடுத்தாலும் 85,000 துண்டு விழும். வசதியுள்ளவர்கள் மனமுவந்து கூடுதலாகத் தர வேண்டுகிறோம்.

புரட்டாசி முடிவதற்குள் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளவும். வரவு செலவு மாசிப் படைப்பன்று வாசிக்கப்படும்.

இப்படிக்கு,
படைப்பு வீட்டுத் திருப்பணிக் குழு